மேல்தாடையில் இம்ப்ளான்ட்: முதல் ஸ்கேனிலிருந்து பல் மாட்டும் நாள்வரை

கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் (பல் வேருக்குப் பதிலாக எலும்பில் திருகும் உலோகத் திருகு) வைத்தவருக்கு மூன்று மாதத்தில் பல் மாட்டிவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் ஒன்பது மாதம் சொல்கிறார்கள்? மேல்தாடையில் பல் கட்டப் போகிற பலரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பதில் எலும்பில் இருக்கிறது.

கீழ்த்தாடை எலும்பின் வெளி ஓடு தடிமனானது, கெட்டியானது. மேல்தாடையில் அந்த ஓடு மெல்லிசு. உள்ளே கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான எலும்பு. முன்பல் பகுதியில் ஓரளவு பிடிமானம் இருக்கும். கடைவாய்ப் பக்கம் போகப் போக இன்னும் மிருதுவாகிவிடும். அதோடு கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே, கன்ன எலும்புக்குப் பக்கத்தில், சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பல் எடுத்தபின் எலும்பு கீழேயிருந்து தேய்ந்து மேலே போகும், சைனஸ் மேலேயிருந்து விரிந்து கீழே இறங்கும். சில வருடங்களில் இடையில் 3, 4 மி.மீ. எலும்புதான் மிஞ்சியிருக்கும். பல் இல்லாமல் பத்து வருடம் இருந்துவிட்டு வருகிறவருக்குச் சிகிச்சை நீளமாக இருப்பது இதனால்தான். பல் எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் போய்விடுகிறது. பல்லை எடுப்பதற்கு முன்பே இம்ப்ளான்ட் பற்றிப் பேசிவிடுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

அளந்து பார்ப்பது

முதலில் ஓ.பி.ஜி. எடுப்பார்கள். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. ஆனால் தட்டையான படம். எலும்பின் உயரத்தை ஏறக்குறைய காட்டும், அதையும் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும். அகலத்தைக் காட்டவே காட்டாது. மேல்தாடைக்கு அதை மட்டும் வைத்துத் திட்டம் போடுவது சரியல்ல. சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். சைனஸ் பகுதியில் வேலை இருந்தால், சைனஸ் மூக்குக்குள் திறக்கும் வாசல்வரை ஸ்கேனில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாசல் அடைத்திருக்கும்போது சைனஸில் கை வைத்தால், உள்ளே சுரக்கும் சளி வெளியேற வழியில்லாமல் சீழ் கட்டும்.

ஸ்கேனை உங்களோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சைனஸ் தரைக்கும் எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடையே எத்தனை மி.மீ. இருக்கிறது என்பதுதான் கடைவாய்ப் பகுதியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 8 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நேரடியாக வைத்துவிடலாம். 5 முதல் 8 வரை என்றால், துளை வழியாகவே சைனஸ் தரையைச் சிறிது மேலே தூக்கி வைக்கலாம், அல்லது 6 மி.மீ. அளவுள்ள குட்டை இம்ப்ளான்டைப் பயன்படுத்தலாம். அதற்கும் கீழே போனால் கன்னப் பக்கத்து எலும்பில் ஜன்னல் திறந்து எலும்புத்தூள் நிரப்ப வேண்டியிருக்கும். இது கறாரான கோடு அல்ல. ஒன்றிரண்டு மி.மீ. மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடும்.

அகலமும் முக்கியம். 4 மி.மீ. குறுக்களவுள்ள இம்ப்ளான்டுக்கு 6 மி.மீ. அகல எலும்பாவது வேண்டும். பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளான்டுகளுக்கு நடுவில் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். குறைத்தால் நடுவில் இருக்கும் எலும்பு கரைந்து, ஈறு இறங்கி, பற்களுக்கிடையே கறுப்பு முக்கோணமாக ஓட்டை தெரியும்.

சிகிச்சைத் தாளில் பல்லின் பெயர் எண்ணாகத்தான் இருக்கும். 11, 21 என்றால் நடு முன்பற்கள். 13, 23 கோரைப்பற்கள். 16, 26 முதல் கடைவாய்ப் பற்கள். ஒன்றில் தொடங்கினால் வலது மேல்தாடை, இரண்டில் தொடங்கினால் இடது மேல்தாடை.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை

எலும்பு தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட் அல்லது டெனோசுமாப் மருந்து எடுத்தவர்கள், பல வருடம் முன்பு நிறுத்தியிருந்தாலும், கட்டாயம் சொல்ல வேண்டும். இவை எலும்பின் ஆறும் வேகத்தைக் குறைத்து, தாடை எலும்பு ஆறாமல் அழுகும் நிலைக்குக் கொண்டுபோகலாம். ஊசி வடிவில் எடுத்திருந்தால் அபாயம் இன்னும் அதிகம். தலை, கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. பல் எடுக்கும் இடத்தில் வரும் ரத்தத்தைக் கட்டுப்படுத்திவிடலாம், மாத்திரையை நிறுத்தியதால் வரும் பக்கவாதத்தைச் சமாளிப்பது கடினம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்வதுதான் வேலை.

புகைப்பழக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். மேல்தாடையின் மிருதுவான எலும்பில், அதிலும் எலும்புத்தூள் நிரப்பிய இடத்தில், புகை செய்யும் கெடுதல் கூடுதல். ரத்த ஓட்டம் குறைகிறது, தையல் பிரிகிறது, நிரப்பிய தூள் வெளியே வந்துவிடுகிறது. சைனஸ் தொல்லை, மூக்கில் சதை வளர்ச்சி, அடிக்கடி ஒரு பக்கத்து மூக்கடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அறுவை நாளன்று சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுங்கள்.

அறுவை நாளன்று

மரத்துப்போக ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மயக்க மருந்தும் உண்டு என்றால் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், கூட ஒருவர் வர வேண்டும். மேல்தாடை எலும்பு நுண்துளைகள் நிறைந்தது என்பதால் ஊசி மருந்து எளிதில் ஊடுருவும். கீழ்த்தாடை போல நரம்பைத் தேடிப் போட வேண்டியதில்லை. அண்ணத்தில் போடும் ஊசி மட்டும் சுருக்கென்று வலிக்கும், சில விநாடிகள்தான். வாயை குளோர்ஹெக்சிடின் திரவத்தால் ஒரு நிமிடம் கொப்பளிக்க வைப்பார்கள். ஆன்டிபயாடிக் கொடுப்பதானால் ஒரு மணி நேரம் முன்பே விழுங்கச் சொல்வார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் இந்த இடத்தில் இன்னொரு முறை நினைவூட்டுங்கள்.

ஈறைக் கீறி விலக்கிய பின் 2 மி.மீ. துரப்பணத்தால் முதல் துளை. அதில் ஒரு குச்சி செருகி எக்ஸ்ரே எடுத்துத் திசை பார்ப்பார்கள். பிறகு படிப்படியாகத் துளை பெரிதாகும். துரப்பணம் சுழலும்போது உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே செத்துப்போகும், செத்த எலும்பு இம்ப்ளான்டைப் பிடிக்காது. உங்களுக்குத் தெரிவது அதிர்வு, அழுத்தம், வாயில் நிறையும் தண்ணீர். வலி தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள்.

மேல்தாடைக்கென்று ஒரு கைப்பழக்கம் உண்டு. கடைசித் துளையை இம்ப்ளான்டைவிட வேண்டுமென்றே சிறிதாக விடுவார்கள். கூம்பு வடிவ இம்ப்ளான்டைத் திருகும்போது அது மிருதுவான எலும்பைப் பக்கவாட்டில் நெருக்கி இறுக்கமாக உட்காரும். எத்தனை நியூட்டன் சென்டிமீட்டர் விசையில் உட்கார்ந்தது என்று கருவி காட்டும். 30, 35 வந்தால் நல்ல பிடிமானம். 15, 20 என்றால் தவறு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூடி போட்டு ஈறுக்கு அடியில் புதைத்துத் தைத்துவிட்டு, கூடுதலாகக் காத்திருப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடனே தற்காலிகப் பல் மாட்டலாமா கூடாதா என்பதை அதுதான் சொல்லும். ஒரு இம்ப்ளான்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

சைனஸ் லிஃப்ட்

சைனஸ் தரையின் சவ்வைத் தூக்கி, அதற்கடியில் எலும்புத்தூள் நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட். சைனஸின் உட்புறத்தை ஒரு சவ்வு மூடியிருக்கிறது. தடிமன் ஒரு மி.மீ.கூட இருக்காது. பச்சை முட்டையின் ஓட்டை மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டியெடுத்து, உள்ளிருக்கும் வெள்ளைத் தோலைக் கிழிக்காமல் ஓட்டிலிருந்து பிரிப்பதை எண்ணிப் பாருங்கள். இதைக் கற்கும் மருத்துவர்கள் பலர் முட்டையில் கை பழகுகிறார்கள். கன்னப் பக்கத்து எலும்பில் நீள்வட்டமாக ஜன்னல் வெட்டி, வளைந்த மழுங்கிய கருவியை எலும்பை ஒட்டியே நகர்த்தி, சவ்வைத் தரையிலிருந்து உரித்து மேலே தூக்குவார்கள். தூக்கிய இடத்தில் எலும்புத்தூள் நிரப்பி, மேலே ஒரு படலம் போட்டுத் தைத்துவிடுவார்கள். தூள் மாட்டெலும்பிலிருந்து செய்ததாக இருக்கலாம், மனித எலும்பு வங்கியிலிருந்து வந்ததாகவோ செயற்கையானதாகவோ இருக்கலாம். உங்கள் உடம்புக்குள் போகிற பொருள், உங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாததாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மாற்று உண்டு.

இதில் அதிகம் நடக்கும் சிக்கல் சவ்வு கிழிவது. சிறிய கிழிசலை மடித்தோ படலம் வைத்தோ மூடிவிட்டுத் தொடரலாம். பெரிதாகக் கிழிந்தால் நிறுத்தி, தைத்து, சில மாதம் கழித்து மறுபடி செய்வதே சரி. “இன்றைக்கு முடியவில்லை, பிறகு செய்கிறேன்” என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவர் மேல் நம்பிக்கை கூட வேண்டும். கிழிந்த சவ்வின் மேல் தூளைக் கொட்டிவிட்டால் அது சைனஸுக்குள் சிதறி, மாதக்கணக்கில் சீழ் பிடித்த மூக்கோடு அலைய வைக்கும்.

துளை வழியாகத் தூக்கும் முறையில் சிலர் சிறிய சுத்தியலால் தட்டுவார்கள். தலைக்குள் தட்டுகிற மாதிரி இருக்கும். முன்பே தெரிந்திருந்தால் பயம் வராது. தட்டிய பிறகு சிலருக்குப் படுத்து எழும்போது தலைசுற்றல் வரும். காதுக்குள் இருக்கும் நுண்துகள்கள் இடம் பெயர்வதால் வருவது இது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் எளிய பயிற்சியால் சரியாகும். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று அலற வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மிஞ்சிய எலும்பு 4, 5 மி.மீ.யாவது இருந்து இம்ப்ளான்டை இறுக்கிப் பிடித்தால், தூள் நிரப்பும் அன்றே இம்ப்ளான்டும் வைத்துவிடலாம். இல்லாவிட்டால் தூள் எலும்பாக மாற 6 முதல் 8 மாதம் விட்டு, பிறகு இம்ப்ளான்ட், பிறகு மறுபடி காத்திருப்பு. பிடிமானம் இல்லாத இடத்தில் அவசரப்பட்டு வைத்தால் இம்ப்ளான்ட் சைனஸுக்குள்ளேயே போய் விழலாம். அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

பஞ்சை 30 முதல் 60 நிமிடம் கடித்துக்கொண்டிருங்கள். மரப்பு தெளிவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். முதல் நாள் கன்னத்தில் 20 நிமிடம் ஐஸ், 20 நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றி வையுங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். கண்ணுக்குக் கீழே நீலம் பாய்வதும் உண்டு. இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். வாய் கொப்பளிப்பது 24 மணி நேரத்துக்குப் பிறகுதான், அதுவும் காறிக் கொப்பளிக்காமல் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்துச் சாய்த்து விடுவதோடு நிற்கட்டும்.

சைனஸ் லிஃப்ட் செய்தவர்களுக்குக் கூடுதல் விதிகள். இரண்டு வாரம் மூக்கு சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். வாயை மூடிக்கொண்டு தும்மினால் அந்தக் காற்றழுத்தம் முழுவதும் புதிதாகத் தூக்கிய சவ்வின் மேல் விழும். உறிஞ்சுகுழல் வேண்டாம். பலூன் ஊதுவது, காற்றுக் கருவி வாசிப்பது, பாரம் தூக்குவது, நீருக்கடியில் நீந்துவது, விமானப் பயணம் எல்லாம் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். முதல் சில நாள் மூக்கிலிருந்து லேசாக ரத்தம் கசியலாம். மணல் மாதிரி ஒன்றிரண்டு தூள் வாய்க்குள் வந்தாலும் பதற வேண்டாம். கைநிறைய வந்தால்தான் கவலை.

உடனே கூப்பிட வேண்டியவை: அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், நான்காம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடும் வலி, காய்ச்சல், மூக்கில் ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் மஞ்சள் சளி, தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருவது. கடைசியாகச் சொன்னது வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் வழி திறந்துவிட்டதன் அடையாளம்.

கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருப்பவர்கள், அதன் அடிப்பகுதி அறுவை செய்த இடத்தில் படாமல் குடைந்து மென்மையான லைனர் போடும்வரை அதை மாட்டக் கூடாது. பல நல்ல இம்ப்ளான்டுகளைக் கெடுப்பது இந்தப் பல்செட்தான். தையல் 7 முதல் 14 நாளில் பிரிப்பார்கள்.

மூன்றாவது வாரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தையல் பிரித்தாகிவிட்டது, வீக்கம் போய்விட்டது, வலியே இல்லை. எல்லாம் முடிந்தது என்று தோன்றும். இம்ப்ளான்ட் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் ஏறக்குறைய அதுதான்.

வைத்த அன்று மரை எலும்பைக் கவ்விப் பிடித்திருந்தது, மரத்தில் திருகாணி மாதிரி. அடுத்த வாரங்களில் உடம்பு, துளையிட்டபோது நசுங்கிய பழைய எலும்பை அரித்து எடுக்கும். புதிய எலும்பு அந்த இடத்தில் இன்னும் முளைத்து முடியவில்லை. பழைய பிடி தளர்ந்து புதிய பிடி வராத அந்த இடைவெளி இரண்டாவது வாரத்தில் தொடங்கி நான்காவது வாரம்வரை நீளும். அந்த நேரத்தில் இம்ப்ளான்ட் 0.15 மி.மீ.க்கு மேல் ஆடினால் சுற்றிலும் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். நார் பிடித்த இம்ப்ளான்ட் பிறகு எலும்போடு சேராது, எடுத்துப் போட வேண்டியதுதான். வலி இல்லையே என்று அந்தப் பக்கத்தில் கடித்துப் பார்ப்பது, நாக்கால் மூடியைத் தள்ளிக்கொண்டே இருப்பது, இவையெல்லாம் அப்போது கூடவே கூடாது.

1965-ல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு டைட்டேனியம் இம்ப்ளான்ட் வைத்தார். அவர் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருப்பு. இன்றைய இம்ப்ளான்டுகளின் சொரசொரப்பான மேற்பரப்பு எலும்பை வேகமாக ஈர்ப்பதால் மேல்தாடையிலும் 3, 4 மாதத்தில் முடிவது உண்டு. தூள் நிரப்பிய இடத்துக்கு அது பொருந்தாது.

திறப்பதும் பல் மாட்டுவதும்

காலம் முடிந்ததும் ஈறில் சிறிய திறப்பு வைத்து, மூடியை எடுத்துவிட்டு, ஈறுக்கு மேலே தெரியும் ஒரு குமிழைத் திருகுவார்கள். ஈறு அதைச் சுற்றி வளைந்து ஆற இரண்டு முதல் நான்கு வாரம். இந்தக் குமிழ் சில சமயம் தளர்ந்து ஆடும். இம்ப்ளான்டே போய்விட்டது என்று பலர் அழுதுவிடுவார்கள். பெரும்பாலும் திருகு தளர்ந்ததுதான், இறுக்கினால் சரி. குமிழை விழுங்கிவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். ஒரு நாளுக்கு மேல் விட்டால் ஈறு மூடிக்கொள்ளும்.

பிறகு அளவு எடுப்பது, நடுத்துண்டு பொருத்துவது, அதன் மேல் பல். பல்லைத் திருகு போட்டு மாட்டலாம், சிமென்ட் வைத்தும் ஒட்டலாம். முடிந்த இடத்தில் திருகு முறையைக் கேளுங்கள். ஈறுக்கு அடியில் வழிந்து தங்கிய சிமென்ட் வருடங்கள் கழித்து எலும்பை அரிக்கும். கடி பார்க்கும்போது கவனியுங்கள்: இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு நார் உண்டு, இம்ப்ளான்டுக்குக் கிடையாது. அதனால் லேசாகக் கடிக்கும்போது இம்ப்ளான்ட் பல் எதிர்ப்பல்லைத் தொட்டும் தொடாமலும், இறுக்கிக் கடிக்கும்போது மட்டும் தொட வேண்டும். மற்ற பற்களுக்கு முன் அது முதலில் இடித்தால் அன்றே சொல்லுங்கள். இரவில் பல் நறநறவென்று கடிப்பவர்களுக்கு, தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறை வேண்டும்.

முன்பல் என்றால் தனிக் கவலை. அங்கே உதட்டுப் பக்கத்து எலும்பு பலருக்கும் 1 மி.மீ. தடிமன்கூட இல்லை. இம்ப்ளான்டை அண்ணத்துப் பக்கமாகத் தள்ளி வைத்து முன்னால் உள்ள இடைவெளியில் தூள் நிரப்புவார்கள். உதட்டுப் பக்கம் சற்று சாய்ந்து போனாலும் ஈறு மேலே ஏறி, பல் நீளமாகத் தெரியும், உலோகம் சாம்பல் நிறமாக ஈறு வழியே தெரியும். சிரிக்கும்போது ஈறு தெரியும் முகவாக்கு உள்ளவர்கள் இதை முதல் சந்திப்பிலேயே பேசுங்கள். உடனே பொருத்தும் தற்காலிகப் பல் அழகுக்கு மட்டும். எதிர்ப்பல் அதைத் தொடவே கூடாது.

மேல் வரிசை முழுவதும் இல்லாதவர்களுக்கு 4 முதல் 6 இம்ப்ளான்ட் வேண்டும். பின்னால் உள்ளவற்றைச் சாய்த்து வைத்து சைனஸைத் தவிர்க்கும் முறையும் உண்டு. எலும்பே இல்லாத நிலையில் 30 மி.மீ.க்கு மேல் நீளமான இம்ப்ளான்டைக் கன்ன எலும்பில் நிறுத்துவார்கள். அது நிறைய அனுபவம் உள்ள கைகளுக்கு மட்டுமே உரிய வேலை. மாட்டிய புதிதில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காற்றடிக்கும். சில வாரம் சத்தமாகப் படித்துப் பழகுங்கள். அதன் பிறகும் போகாவிட்டால் அண்ணப் பக்கத்து வடிவத்தைத் திருத்தலாம்.

இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் ஈறு நோய் வரும், வந்தால் வலிக்காது. துலக்கும்போது ரத்தம் கசிவதுதான் முதல் அறிகுறி. பல்லிடைத் தூரிகையைத் தினமும் பயன்படுத்துங்கள், உலோகக் கம்பி தெரியாமல் பூச்சு போட்டதாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. பல் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். பிறகு எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்ல அதை விட்டால் வேறு அளவுகோல் இல்லை. அதோடு இம்ப்ளான்டின் நிறுவனப் பெயர், மாதிரி, குறுக்களவு, நீளம், தொகுதி எண் எழுதிய அட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால், எந்தத் திருப்புளி பொருந்தும் என்று அங்கிருக்கும் மருத்துவருக்கு அந்த அட்டைதான் சொல்லும்.